காசிமேட்டு மீனும் வலைக்கண்ணும்



ராயபுரம், திருவொற்றியூர்ப் பிள்ளைகள் நிறைந்த இந்தச் சபையில் காசிமேட்டைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோலத்தான். இருந்தாலும் விலங்கியல் படித்த உரிமையில் கொஞ்சம் சொல்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. 2001-இல் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாளாயிற்று. அப்போது வஞ்சிரம் என்ன விலை என்று வீட்டில் கேளுங்கள்! எல்லா மீனும் அந்த இரண்டு மாதத்தில்தான் சினை பிடிக்கும் என்றில்லை. ஆனாலும் கடலுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்குது.

சங்கடம் ஜூன் 15-க்குப் பிறகுதான். இழுவை மடியின் கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. குறைந்தால்? ஒரு தரம்கூட முட்டையிடாத விரல் நீளச் சங்கராவும் கிழங்கானும் குவியலாக வரும். மனுசன் தின்ன ஆகாது. காயவைத்துக் கோழித் தீவனத்துக்குப் போகும். படகில் போகிறவன் 61 நாள் கூலியில்லாமல் கிடந்து சேர்த்த மீன் அய்யா அது!

படகுக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. பக்கத்துப் படகு சின்னக் கண் போட்டால், பெரிய கண் போட்டவருக்கு டீசல் காசுகூடத் தேறாது. ஆகவே எல்லோருக்கும் ஒரே அளவு. வலையைத் துறைமுகத்திலேயே அளக்க வேணும். கட்டுமரம், ஃபைபர் படகுகளுக்கென்று 1983 சட்டம் ஒதுக்கிய கரைக்கடலுக்குள் விசைப்படகு நுழையாமலும் பார்க்க வேணும்.

விலங்கியல் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மாதம் ஒரு விடிகாலை ஏலத்துக்கு ஸ்கேலோடு போங்கள். பத்துச் சங்கராவை அளந்து, துறைப் பலகையில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த வருஷம் நான் வந்து பார்ப்பேன்.