நாலு குதிரை எப்படி இழுக்கிறது?

(செங்கல்பட்டில் நடைபெற்ற குறுவளமையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்ஜினைப் பற்றி ஒரு டீச்சர் பேசப் போகிறார் என்று நிகழ்ச்சி நிரலைப் பார்த்ததும் சிலர் சிரித்தீர்கள். தவறில்லை. நான் மெக்கானிக் இல்லை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு ஸ்கூட்டரில் போய்வரும் அறிவியல் ஆசிரியை. வகுப்பில் நான் சொன்ன ஒரு தவறான பதில்தான் என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பத்தாம் வகுப்பில் முதல் பாடம், இயக்க விதிகள். விசையின் திருப்புத்திறன் நடத்திக்கொண்டிருந்தேன். பேச்சு வண்டிகள் பக்கம் போனது. "திறன் அதிகமுள்ள வண்டிதான் அதிகச் சுமையை இழுக்கும்" என்று சொல்லிவிட்டேன். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான். குப்பத்துப் பிள்ளை, அப்பா மீன் வியாபாரி.

"டீச்சர், எங்கப்பா எக்ஸ்.எல். வண்டி நாலு குதிரைதான். ஐஸ் பெட்டியோட மணல்ல ஏறி ரோட்டுக்கு வந்துடும். அண்ணனோட பைக் அதே பெட்டியோட அதே இடத்துல நின்னுபோச்சே, ஏன்?"

"மீன் வண்டி" என்று இரண்டு பேர் சொல்ல, வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவன் கை உயரவே இல்லை. பாடத்தை நடத்தி முடித்தேன். ஆனால் ஒரு மாணவனை இழந்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது.

அவன் கேட்டது நல்ல இயற்பியல் கேள்வி. அதற்கான பதிலை நான் தேடிய வழியைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

முதல் சிக்கல் நம் சொல்லிலேயே இருக்கிறது. பாடநூலில் 'விசையின் திருப்புத்திறன்' என்றும் 'திருப்பு விசை' என்றும் இரண்டு சொற்கள் வருகின்றன. வாட்டில் அளக்கப்படுவதும் 'திறன்'. திருப்புத்திறனும் ஒருவகைத் திறன்தான் என்று பிள்ளைகள் நினைப்பதில் வியப்பில்லை. எனவே இன்ஜினைப் பற்றிப் பேசும்போது நான் 'திருப்பு விசை' என்ற சொல்லை மட்டுமே பயன்படுத்துகிறேன்.

இந்த வேறுபாட்டைப் புரியவைக்க அரசு தரும் விலையில்லா மிதிவண்டி ஒன்றே போதும். மிதிக்கட்டையின் கை நீளம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். 45 கிலோ எடையுள்ள மாணவி அதைக் கிடைமட்டமாக வைத்து ஏறி நின்றால், விசை 441 நியூட்டன். அதை 0.17 மீட்டரால் பெருக்கினால் 75 நியூட்டன் மீட்டர். அடுத்து, ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் உச்சத் திருப்பு விசை 27 நியூட்டன் மீட்டர் என்று கரும்பலகையில் எழுதினேன். "அப்போ நான் புல்லட்டைவிட பலசாலியா டீச்சர்?" என்று கேட்டாள். "இன்ஜின் தண்டில் கிடைக்கும் திருப்பு விசையில் ஆமாம், ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் நீ நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிப்பாய்?" என்றேன். அறுபது என்றாள். அந்த இன்ஜின் நாலாயிரம் சுற்றிலும் அந்தத் திருப்பு விசையைத் தருகிறது. பாடம் அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

திருப்பு விசை என்பது ஒரு சுற்றில் எவ்வளவு அழுத்தித் திருப்புகிறோம் என்பது. திறன் என்பது அந்த வேலையை எவ்வளவு விரைவாகச் செய்கிறோம் என்பது. இரண்டையும் இணைக்கும் கணக்கு எளிது: திருப்பு விசையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 9.55 ஆல் வகுத்தால் திறன் வாட்டில் கிடைக்கும். 27ஐ 4000 ஆல் பெருக்கி 9.55 ஆல் வகுத்தால் சுமார் 11,300 வாட். நம் மாணவி சாதாரணமாக மிதிவண்டி ஓட்டும்போது தருவது 100 வாட் அளவுதான்.

அடுத்த நாள் பிள்ளைகள் தெருவில் பார்க்கும் நான்கு வண்டிகளின் விவரங்களைக் கரும்பலகையில் எழுதினோம்.

டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100: 99.7 சி.சி.; 6.5 நியூட்டன் மீட்டர், 3500 சுற்றில்; உச்சத் திறன் 3.2 கிலோவாட், 6000 சுற்றில்.

ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ்: 97.2 சி.சி.; 8.05 நியூட்டன் மீட்டர், 6000 சுற்றில், 5.9 கிலோவாட், 8000 சுற்றில்.

கிளாசிக் 350: 349 சி.சி.; 27 நியூட்டன் மீட்டர், 4000 சுற்றில்; சுமார் 15 கிலோவாட், 6100 சுற்றில்.

கே.டி.எம். 390 டியூக், முந்தைய 373 சி.சி. வகை: 37 நியூட்டன் மீட்டர், 7000 சுற்றில், 32 கிலோவாட், 9000 சுற்றில்.

திருப்பு விசையை லிட்டர் கணக்கிலான கொள்ளளவால் வகுக்கச் சொன்னேன். வரிசையாக 65, 83, 77, 99 வந்தன. நான்கும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகவில்லை, ஏன்? சாதாரண இன்ஜின் தன் உருளை கொள்ளும் அளவுக்குத்தான் காற்றை இழுக்க முடியும். காற்றுக்கு ஏற்ற பெட்ரோல், பெட்ரோலுக்கு ஏற்ற அழுத்தம். அதனால் திருப்பு விசை பெரும்பாலும் சி.சி.யைப் பின்தொடர்கிறது.

திறனைப் பாருங்கள். கிளாசிக், டியூக் இரண்டும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு. ஆனால் டியூக்கின் திறன் இரண்டு மடங்குக்கும் மேல். திருப்பு விசையில் கிடைத்த கூடுதல் மூன்றில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் சுற்று வேகத்தில் வந்தது. பக்கத்து மாவட்டத்தின் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகும் ராயல் என்ஃபீல்டு நிதானமாகச் சுற்றி இழுக்கிறது. மற்றது வேகமாகச் சுற்றித் திறனைக் கூட்டுகிறது.

சுற்றைக் கூட்டாமல், கொள்ளளவையும் கூட்டாமல் திருப்பு விசையைக் கூட்ட முடியுமா? அதற்கான பதில் நம் மறைமலை நகரிலேயே இருந்தது. அங்கிருந்த ஃபோர்டு ஆலையில் தயாராகி 2013இல் விற்பனைக்கு வந்த ஈகோஸ்போர்ட் காரில் இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள் உண்டு. ஒன்று 1.5 லிட்டர் சாதாரண இன்ஜின். 140 நியூட்டன் மீட்டர், 4400 சுற்றில். இன்னொன்று 1 லிட்டர் டர்போ இன்ஜின். 170 நியூட்டன் மீட்டர், 1400 சுற்றிலிருந்து 4500 சுற்று வரை. லிட்டருக்கு வகுத்தால் முன்னதற்கு 93, பின்னதற்கு 170.

டர்போவின் வேலை இதுதான். வெளியேறும் சூடான புகை ஒரு சிறு விசிறியைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள விசிறி காற்றை அழுத்தி உருளைக்குள் திணிக்கிறது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூஷி இதற்குக் காப்புரிமை பெற்றது 1905இல். உருளை சிறியதுதான், உள்ளே போகும் காற்று பெரிய உருளைக்கானது.

இனி, வீடுகளில் எல்லாரும் கேட்கும் கேள்வி: மைலேஜ் எவ்வளவு? சோதனைக்கூடக் கணக்கில் அந்த டர்போ கார் லிட்டருக்கு 18.9 கிலோமீட்டர், 1.5 லிட்டர் கார் 16க்குச் சற்றுக் குறைவு. காரணத்தை ஐந்தாம் வகுப்புக்கும் காட்டலாம். ஒரு ஸ்ட்ராவை விரலால் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு காற்றை உறிஞ்சச் சொல்லுங்கள். பாதி மூடிய திராட்டில் வழியாகக் காற்றை இழுக்கும் பெரிய இன்ஜின் படும் பாடு அதுதான். அதோடு ஒவ்வொரு சுற்றிலும் உராய்வுக்கு ஓர் இழப்பு. சிறிய இன்ஜின் நிதானமாக ஓடும்போது இந்த இரண்டு இழப்புகளும் குறைவு. ஆனால் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால் டர்போ காற்றைத் திணிக்கும், காற்றுக்கேற்ற பெட்ரோலும் உள்ளே போகும், மைலேஜ் இறங்கும். டர்போ பெட்ரோலை மிச்சப்படுத்துவதில்லை. சிறிய இன்ஜினைப் பயன்படுத்த வழிசெய்கிறது. மிச்சம் ஓட்டுபவர் காலில் இருக்கிறது.

இரு சக்கர வண்டிக்கும் இதே விதிதான். திணறாத அளவுக்கு மேல் கியரில், குறைந்த சுற்றில் ஓட்டினால் சிக்கனம். அதோடு நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் கடற்காற்று வீசினால், வண்டிக்கு அது 70. காற்றுத் தடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. "போகும்போது குடிக்கிற பெட்ரோல் வரும்போது குடிக்கல" என்று வீட்டில் சொல்வது வெறும் எண்ணம் இல்லை.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை காலை குப்பத்துக்குப் போனேன். அவன் அப்பா, "வாங்க டீச்சர், பையன் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டானா?" என்று பதறிப்போனார். "தப்பு பண்ணது நான்தாங்க ஐயா" என்றேன். அவருக்குப் புரியவில்லை; பையனுக்குப் புரிந்தது.

சக்கரத்தைத் திருப்புவது இன்ஜினின் திருப்பு விசை மட்டும் அல்ல. அதைப் பற்சக்கரங்கள் எத்தனை மடங்காக்கித் தருகின்றன என்பதும்தான். எக்ஸ்.எல். வண்டிக்குக் கியர் மாற்றும் வேலை இல்லை. அதன் ஒரே பற்சக்கர விகிதம் மெதுவான ஓட்டத்துக்கு ஏற்றது. தானியங்கி கிளட்ச் இருப்பதால் இன்ஜின் அணையாமல் சுற்று ஏற நேரம் கிடைக்கிறது. 3500 சுற்றிலேயே உச்சத் திருப்பு விசை கிடைத்துவிடுகிறது. விலை, வேகத்தில்: அது பைக்கைப்போல் பறக்காது.

அண்ணனிடம், "அன்றைக்கு எந்தக் கியர்ல ஏத்தினீங்க தம்பி?" என்று கேட்டேன். "ரெண்டாவதுல. மணல்ல ஓட்டத்தோட வந்தேன், பாதியில அமுங்கிடுச்சு" என்றார். சக்கரம் மெதுவானதும் இன்ஜின் சுற்றும் இறங்கி, இழுவை போய்விட்டது. அதே பெட்டியைக் கட்டி முதல் கியரில் ஏற்றச் சொன்னோம். கொஞ்சம் திணறினாலும் ஏறிவிட்டது. பையன்தான் முதலில் சொன்னான்: "அப்போ குதிரைக் கணக்கு இல்ல டீச்சர், கியர் கணக்கு."

திங்கட்கிழமை வகுப்பில், "அன்று நான் சொன்னது தவறு. அவன் கேட்டது சரி" என்று சொல்லிவிட்டு, சுண்ணக்கட்டியை அவனிடம் கொடுத்தேன். மணலில் நடந்ததை அவனே படம் போட்டு விளக்கினான். "மீன் வண்டி" என்று சிரித்த இருவரும் தங்கள் வீட்டு வண்டியின் விவரத்தை மறுநாள் எழுதிக்கொண்டு வந்தார்கள். இப்போது அவன் கை அடிக்கடி உயர்கிறது. சில நாள் அவன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிவதில்லை. "நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தை நடத்தும் முன் பிள்ளைகளின் வீட்டில் என்ன வண்டி இருக்கிறது, அது எதைச் சுமக்கிறது என்று கேளுங்கள். மொபெட், டிராக்டர், படகு இன்ஜின், கிணற்று மோட்டார், எதுவானாலும் சரி. ஒரு மாதம் பெட்ரோல் போட்ட அளவையும் ஓடிய கிலோமீட்டரையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். கணக்கு ஆசிரியரும் அதைப் பயன்படுத்திக்கொள்வார். குறிப்பேட்டில் எழுதத்தான் சொல்கிறேன். பதினெட்டு வயதாகாத பிள்ளைகள் அந்த வண்டிகளை எடுக்கக் கூடாது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.