வீட்டுக் கெமராவும் விட்டுவிட்டுப் போகும் வைஃபையும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் வழமையாகப் பெரிய விஷயங்களே பேசப்படுவதுண்டு. நாம் இன்று எடுத்துக்கொண்டதோ மிகச் சிறியது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கெமராவைப் பற்றியது. ஆயினும் அச்சிறு பொருளினால் ஒரு குடும்பம் இரண்டு மாத காலம் நித்திரையிழந்ததையும், அடுத்தடுத்த இரண்டு வீட்டார் முகம் பார்த்துப் பேசாதிருந்ததையும் நாம் நேரிற் கண்டோம். ஆதலால் அதைச் சொல்வது வீண்பேச்சாகாது என்று துணிந்தோம்.

எம்மோடு ஒரே வகுப்பிற் படித்த நண்பர் ஒருவர் கட்டாரில் வேலை செய்கிறார். அவருடைய உம்மா சாய்ந்தமருதில் தனியே இருக்கிறார். எழுபது வயதைக் கடந்தவர். விடுமுறையில் வந்த நண்பர், உம்மாவின் நடமாட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாமென்று நடுமண்டபத்தில் ஒரு வைஃபைக் கெமராவைப் பொருத்திவிட்டுப் போனார். முதற் கிழமை எல்லாம் நன்றாயிருந்தது. பின்பு மாலையானதும் படம் அறுந்துபோகத் தொடங்கிற்று. கட்டாருக்கும் எமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அவர் மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்து தொலைபேசியை எடுக்கும்போது இங்கே இரவு ஏழரை. அந்த நேரத்திலேதான் கெமரா தொடர்பில் இல்லையென்று எழுத்து விழும். காலையில் மறுபடியும் ஒன்றும் நடவாதது போல் வேலை செய்யும்.

ஒருநாள் இரவு உம்மா குசினி வாசலில் வழுக்கி விழுந்துவிட்டார். தொலைபேசி அறைக்குள் சார்ஜில் கிடந்தது. மெல்ல எழுந்து நடந்து படுக்கைக்கு வர ஒரு மணி நேரமாயிற்றாம். அன்றிரவு மகன் பதினொரு முறை அழைத்திருந்தார். விடிந்த பின்பே விஷயம் தெரிந்தது. அதன் பின்னர்தான் "மச்சான், ஒருக்கா வீட்ட போய்ப் பாருங்க" என்று எமக்குச் சொல்லியனுப்பினார்.

நாம் போவதற்கு முன்பே வைத்தியம் பல நடந்திருந்தது. கடைக்காரர் கெமரா பழுதென்று சொல்லிப் புதிதாக ஒன்றைக் கொடுத்திருந்தார். அதுவும் அப்படியே போயிற்று. இணைப்புக் கொடுத்தவர்களைக் கேட்டால், "எங்கள் பக்கம் சரி, ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்றார்களாம். வேறொருவர், "பக்கத்து வீட்டுப் பொடியன்கள் உங்கள் வைஃபையை இழுக்கிறார்கள், அவர்கள் இரவிலேதானே விளையாடுகிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது நல்ல வேலை செய்தது. அன்று முதல் உம்மா பக்கத்து வீட்டு ராத்தாவோடு பேச்சை விட்டுவிட்டார்.

எம்மைக் கண்டதும் உம்மா, "வாங்க மகன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாருங்க. இந்தக் கெமராவுக்கு மாலைக்கண். மஃரிபோட கண் தெரியாமப் போகுது" என்றார். நாம் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காகப் பிற்பாடு வெட்கப்பட நேர்ந்தது. அதை உரிய இடத்திற் சொல்வோம்.

நிற்க. வைஃபை என்பது என்னவென்று இரண்டொரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்வோம். அது வானொலிதான், வேறொன்றுமில்லை. 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் என்பாரும் அவருடைய குழுவினரும், கடலாற் பிரிந்த தீவுகளிலுள்ளோர் தலைமைக் கணினியோடு வானொலி அலை வழியே தொடர்புகொள்ள ஒரு முறை கண்டனர். எல்லோரும் ஒரே அலைவரிசையிற் பேசுவார்கள். இருவர் பேச்சு மோதிச் சிதைந்தால் பதில் வராது. பதில் வராதவர் சற்றுப் பொறுத்து மறுபடியும் சொல்லவேண்டும். பொறுக்கும் நேரம் ஆளுக்காள் வேறுபடவேண்டும். இல்லையேல் இருவரும் ஒருங்கே வாய் திறந்து மறுபடியும் மோதுவர். இதனோடு, பேசுமுன் பிறர் பேசுகிறார்களா என்று செவிகொடுக்கும் ஒழுங்கும் பின்னர் சேர்ந்தது. 1985இல் அமெரிக்கா சில அலைவரிசைகளை உரிமப் பத்திரமில்லாமல் எவரும் பாவிக்கலாமென்று திறந்துவிட்டது. 1997இல் இதற்கான தராதர விதி வந்தது. 1999இல் வைஃபை என்ற பெயர் வந்தது.

உரிமமில்லாத வீதியில் எல்லா வண்டியும் ஓடுமல்லவா? 2.4 கிகாஹேட்ஸ் என்னும் அந்த வீதியில் வைஃபையோடு புளூடூத்தும் ஓடுகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45இல் நின்று இரைகிறது. மலிவான கெமரா, மின்குமிழ், பிளக் முதலியவற்றிற் பெரும்பாலானவை இந்த ஒரு வீதியை மட்டுமே அறியும். 2014இல் ஷாங்காய் நகரத்து எஸ்பிரசிப் நிறுவனம் வெளியிட்ட ஈ.எஸ்.பி. 8266 என்ற மலிவுச் சில்லு இத்தகைய பொருள்களை உலகெங்கும் பெருகச் செய்தது, அதற்கும் 2.4 மட்டுமே தெரியும். தொலைபேசிகளோ 5 கிகாஹேட்ஸ் என்ற மற்றப் பெருந்தெருவிலும் ஓடக்கூடியவை. "போனுக்கு வேலை செய்கிறது, கெமராவுக்கு மட்டும் இல்லை" என்ற முறைப்பாட்டிற் பாதிக்கு விடை இங்கேயே கிடக்கிறது.

எமது கரையோர ஊர்களின் அமைப்பையும் எண்ணிப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வயல்; நடுவே ஒடுங்கிய மணல் நிலத்தில் மதிலோடு மதில் முட்டிய வீடுகள். 2004 மார்கழி 26இல் கடல் கொண்ட பின்பு திரும்பக் கட்டியவற்றுள் இரும்புக் கம்பியோடு கூடிய கொங்கிறீற் வீடுகள் பல. அவை புயலுக்கு நல்லவை; வானொலி அலைக்கு நல்லவையல்ல. உம்மாவின் மண்டபத்தில் நின்று தொலைபேசியைத் திறந்தால் பதினேழு வீடுகளின் வைஃபைப் பெயர்கள் வரிசையாக வந்தன. 2.4 வீதியில் ஒன்றோடொன்று உரசாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அவற்றின் நடு மீடிறன்கள் 2412, 2437, 2462 மெகாஹேட்ஸ். பதினேழில் ஒன்பது வீடுகள் 6இல் நின்றன. யாரோ ஒரு கெட்டிக்காரர், ஒருவரும் இல்லாத இடமென்று 3ஆந் தடத்திற் போய் உட்கார்ந்திருந்தார். ஒரே தடத்தில் நிற்பவர்களாவது ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு வழிவிடுவார்கள். 3இல் நிற்பவரோ 1க்கும் 6க்கும் வெறும் இரைச்சலாகி இரண்டையும் கெடுப்பார். அந்தக் கெட்டிக்காரர் வேறெவருமல்லர், பக்கத்து வீட்டு ராத்தாவின் மூத்த மகன்.

அகப்பட்டான் கள்வன் என்று நாமும் எண்ணினோம். வெட்கத்தோடே சொல்கிறோம்.

உம்மாவின் ரவுட்டர் முன்னறையில் இரும்பு அலுமாரியின் மேல், தொலைக்காட்சிக்குப் பின்னே ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. கெமரா இருந்த இடத்தில் அலையின் வலிமை மைனஸ் 79. இக்கணக்கில் சைபரை நெருங்க நெருங்க நல்லது. 80 என்றால் நூலிழையில் தொங்குகிறதென்று பொருள். ரவுட்டரை மண்டபத்து யன்னலோரம் ஆறடி உயரத்திற்கு மாற்றினோம். மைனஸ் 62 ஆயிற்று. பதினேழு குறைந்ததென்றால் வலிமை ஏறத்தாழ ஐம்பது மடங்கு கூடிற்றென்று கொள்ளவேண்டும். ஒரு சதமும் செலவில்லை. பின்பு தடத்தை 1இல் நிறுத்தி, அகலத்தை 40இலிருந்து 20 மெகாஹேட்ஸாகக் குறைத்தோம். இரண்டு வீதிகளுக்கும் ஒரே பெயர் இருந்ததை மாற்றி, 2.4க்குத் தனிப்பெயர் வைத்தோம். கெமராவின் கடவுச்சொல் தொழிற்சாலையில் இட்டபடியே இருந்ததால் அதையும் மாற்றினோம். 2016 ஐப்பசியில் இத்தகைய கடவுச்சொற்களால் அகப்பட்ட கெமராக்களைத் திரட்டித்தான் மிராய் என்ற கேடான நிரல் அமெரிக்காவிற் பெரிய இணையத்தளங்களையே முடக்கிற்று.

பெருமையோடு வீடு திரும்பினோம். மறுநாள் இரவு ஏழரைக்கு நண்பரிடமிருந்து செய்தி: "மச்சான், திரும்பவும் போயிற்று."

அப்போதுதான் எமக்குப் புத்தி வந்தது. நாம் ஒரே நாளில் ஐந்து காரியங்களை மாற்றியிருந்தோம். எது எதைச் செய்ததென்று எமக்கே தெரியாது. மருதமுனையில் தறியிலிருப்பவர் இழையறுந்தால் எந்த இழையென்று விரலால் தேடுவாரேயன்றித் தறியைப் பிரிக்கமாட்டார். நாமோ தறியைப் பிரித்தவர்கள். எனவே ஒரு பயிற்சிக் கொப்பியை உம்மாவிடம் கொடுத்து, கெமராவின் சிறு விளக்கு நிறம் மாறும்போதெல்லாம் நாள், நேரம், வீட்டில் நடந்தது ஆகியவற்றை எழுதும்படி கேட்டுக்கொண்டோம். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் தொலைபேசி அந்நேரம் வேலை செய்கிறதா என்றும் குறிக்கச் சொன்னோம். இது முக்கியம், டேட்டா திறந்திருந்தால், வைஃபை இறந்ததைத் தொலைபேசி காட்டாமல் மறைத்துவிடும்.

பத்து நாட்களின் பின் கொப்பியைப் பார்த்தோம். கெமரா போன வேளையில் எல்லாம் தொலைபேசி நன்றாக வேலை செய்திருந்தது. ஆகவே இணைப்புக் கொடுத்தவர்கள்மேற் குற்றமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு உறவினர் வந்து பத்து மணிவரை இருந்தார்கள், அன்று போகவேயில்லை. மாரி மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு நாள் பிற்பகல் நாலரைக்கே போய்விட்டது. நாலரைக்குப் பக்கத்து வீட்டுப் பொடியன்கள் ரியூசனில் இருந்தார்கள், விளையாடவில்லை.

வைஃபை நெரிசல் கடிகாரத்தைப் பின்பற்றும். இதுவோ இருட்டைப் பின்பற்றிற்று.

2022இலும் 2023இலும் மின்கட்டணம் ஏறிய பின்பு, உம்மா மண்டபத்து மின்குமிழைப் போடுவதில்லை. குசினி வெளிச்சமே போதுமென்று இருந்துவிடுவார். விருந்தினர் வந்தால் போடுவார். நாம் போன மாலைகளிலும் எமக்காகப் போட்டார்; ஆகவே நாம் இருக்கும்வரை நோய் தலைகாட்டவில்லை. இருட்டினால் கெமரா என்ன செய்யும்? கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகளைத் தானே ஏற்றிக்கொள்ளும். அதற்கு மேலதிக மின்னோட்டம் வேண்டும். நடுப்பகலில், பளிச்சென்ற வெளிச்சத்தில், கெமராவின் முகத்தை உள்ளங்கையால் மூடிப் பார்த்தோம். நாலைந்து விநாடியில் விளக்கு நிறம் மாறிக் கெமரா போயிற்று. கையை எடுத்தோம், சற்றுப் பொறுத்து வந்தது. மறுபடியும் மூடினோம், மறுபடியும் போயிற்று. உம்மா ஒன்றும் பேசாமல் எம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குற்றம் வயரிலே. கெமராவுக்கு 5 வோல்ற் வேண்டும். பிளக் தூரத்தில் இருந்தபடியால் பதினைந்தடி நீளமுள்ள மலிவான மெல்லிய யூ.எஸ்.பி. வயரை மகன் வாங்கி மாட்டியிருந்தார். அதன் தடை ஒன்றரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். பகலில் 0.3 அம்பியர் ஓடினால் வழியில் 0.45 வோல்ற் தேய்ந்து 4.55 கெமராவுக்குப் போய்ச் சேரும், சமாளிக்கும். இருட்டில் விளக்கேற்றி 0.7 அம்பியர் இழுத்தால் ஒரு வோல்ற்றுக்கு மேல் தேய்ந்து நாலுக்குங் கீழே இறங்கிவிடும். கெமரா மயங்கி விழுந்து, எழுந்து, விளக்கேற்றி, மறுபடியும் விழும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வைஃபை அறுந்ததென்றே தோன்றும். போதாக்குறைக்கு உப்புக்காற்றால் பிளக்கின் உலோக முனையில் பச்சை பிடித்திருந்தது. அதுவும் தடையைக் கூட்டும். கடைக்காரர் கெமராவை மாற்றியபோது வயரையும் சார்ஜரையும் பழையபடியே விட்டிருந்தார். அதனால்தான் புதியதும் அதே வழியிற் போயிற்று.

மூன்றடி நீளமுள்ள தடித்த வயர் ஒன்று, 2 அம்பியர் தரக்கூடிய சார்ஜர் ஒன்று, கெமராவுக்குக் கிட்ட ஒரு பிளக். இவ்வளவுதான் மருந்து.

"நான் அப்பவே சொன்னேனே மகன், மாலைக்கண் எண்டு" என்றார் உம்மா.

அன்று மாலையே உம்மா ஒரு தட்டில் பலகாரம் வைத்து மூடிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். எம்மையும் கூட வரச் சொன்னார். இரண்டு மாதம் பேசாதிருந்ததற்கு அவர் என்ன சொன்னாரென்பது எமக்குக் கேட்கவில்லை. வாசலில் செருப்போடு நின்றோம். ராத்தா அழுததும் பின் சிரித்ததும் கேட்டது. மூத்த மகனிடம் நாமும் மனதில் அவரைக் கள்வனாக்கியிருந்ததை ஒப்புக்கொண்டோம். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 3ஆந் தடத்தின் கதையைச் சொன்னபோதுதான் நாணினார். அப்போதே 11க்கு மாற்றினார். இரு வீட்டிலும் இரவில் தொலைபேசிப் படம் தடக்கித் தடக்கி ஓடியது அதன் பின் குறைந்தது. ஆகவே நாம் முதலிற் கண்ட குறைகளும் பொய்யல்ல. நாம் தேடிய குறை அவை அல்ல என்பதே விஷயம்.

இன்னுமொன்று மிச்சமிருந்தது. மின்சாரம் நின்று வந்தால் கெமரா சில வேளை திரும்புவதில்லை. ரவுட்டர் விழித்தெழ இரண்டு மூன்று நிமிடமாகும். கெமராவோ அதற்கு முன்பே எழுந்து, தேடிச் சலித்து, ஒதுங்கிவிடுகிறது. 2022 பங்குனி முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் இருளில் இருந்த காலத்தில் பலர் வாங்கிய மினி யூ.பி.எஸ். பெட்டியொன்று ராத்தா வீட்டில் சும்மா கிடந்தது. அதை ரவுட்டருக்குப் பொருத்தினோம். இப்போது ரவுட்டர் உறங்குவதில்லை. கெமரா எழும்போது அது விழித்தே இருக்கிறது.

கொப்பியை உம்மா திருப்பித் தரவில்லை. கண் சரியில்லையென்று ராத்தாவின் இளைய மகனைக் கொண்டு எழுதுவிக்கிறார். கடைசியாக நாம் போயிருந்தபோது அதில் இப்படி இருந்தது: "செவ்வாய். 6.20. மழை. லைட் போடவில்லை. கெமரா போகவில்லை. காக்கா கட்டாரிலிருந்து பார்த்துவிட்டு, உம்மா ஏன் இன்னும் சாப்பிடவில்லை என்று கேட்டார்."