தெளிந்த நீரிலும் பிறக்கும் மலேரியா



அந்தக் காலத்தில் தோட்டத்தில் குளிர்காய்ச்சல் கண்டு குடும்பம் குடும்பமாக மாண்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சுங்கை காடுட் போன்ற நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் காடு அழித்து ரப்பர் நட்ட நம் முன்னோர் பலரை அந்த மண்ணிலேயே புதைத்தது மலேரியா.

காற்று சேரவில்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் மக்கள் நினைத்தார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்றுதான் பொருள். உண்மையான குற்றவாளி கொசு என்பதற்குத் தடயம் கிடைத்தது 1897-இல். செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்டார்.

நோயாளியைப் பெண் கொசு கடிக்கும்போது ரத்தத்தோடு கிருமியும் அதன் வயிற்றுக்குள் போகிறது. அங்கே ஏறக்குறைய இரண்டு வாரம் வளர்ந்து கொசுவின் உமிழ்நீருக்கு வருகிறது. அடுத்தவரைக் கடித்ததும் அவருடைய கல்லீரலில் பெருகி, ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறது. அப்போதுதான் நடுக்கமும் காய்ச்சலும் வியர்வையும். லயத்தில் ஒருவர் படுத்தால் அடுத்தடுத்த வீடுகளிலும் படுத்தது இதனால்தான்.

சரி, கொசு எங்கே பிறந்தது? சாக்கடையில் என்று நினைத்தால் தவறு. 1901-இல் கிள்ளானில் பணியேற்ற டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்து நீரை வடித்துக் காட்டை வெட்டினார், காய்ச்சல் குறைந்தது. ஆனால் குன்றுப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டியதும் காய்ச்சல் கூடியது! காரணம், கொசுவின் இனம் வேறு. கிள்ளான் கொசு நிழல் நீரில் வளர்வது. குன்றுப்புறத்தின் 'அனோபிலிஸ் மாக்குலேட்டஸ்' கொசுவோ, வெயில் படும் தெளிந்த ஓடை நீரைத் தேடி முட்டையிடுவது. சிரம்பான் வட்டாரமும் குன்றும் பள்ளமுமான பூமிதானே! ரப்பருக்காக மரங்களை வீழ்த்தியபோது ஓடைகளில் வெயில் விழுந்தது; கொசுவுக்குத் தொட்டில் கிடைத்தது.

விவரம் புரிந்த பிறகே வழி பிறந்தது. ஊற்று நீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்து வடித்தார்கள். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேலாகும். ஆகவே வாரந்தோறும் ஓடைகளில் எண்ணெய் தெளித்தார்கள். பெரட்டுக்களத்தில் கொயினா கொடுத்தார்கள். 1967-இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. வீட்டுச் சுவர்களில் மருந்தடித்து, காய்ச்சல்காரர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பலன்? மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா, 2018 முதல் 2023 வரை இந்நாட்டின் உள்ளூர் நோயாகப் பதிவாகவில்லை.

ஆனால் ஆபத்து அகன்றுவிடவில்லை. குரங்குகளிடம் வாழும் 'நோலேசி' என்ற மலேரியா கிருமியைக் காட்டுக் கொசுக்கள் மனிதருக்கு ஏற்றுகின்றன. சரவாக், காப்பிட்டில் பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர் நடத்திய ஆய்வு 2004-இல் இதை வெளிச்சமாக்கியது. 2023-இல் மட்டும் மலேசியாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இது கண்டது, மரணங்களும் நேர்ந்தன. சபா, சரவாக்கில்தான் அதிகம் என்றாலும் தீபகற்பத்திலும் உண்டு. இக்கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்து.

டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிக்கும். மலேரியா கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். காட்டோரச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்வோர், வேட்டைக்கும் மீன்பிடிக்கும் காட்டுக்குள் போவோர் நீண்ட கைச்சட்டை அணியுங்கள். கொசு விரட்டி தடவுங்கள். தங்கினால் வலைக்குள் தூங்குங்கள். காய்ச்சல் வந்தால் பெனடோல் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். "காட்டுப் பக்கம் போய் வந்தேன்" என்று டாக்டரிடம் மறவாமல் சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் டிங்கியோடு மலேரியாவையும் நினைத்து ரத்தத்தைச் சோதிப்பார். காலத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும் நோய் இது.

காரணம் தெரியாமல் நம் முன்னோர் மடிந்தார்கள். காரணம் தெரிந்த நாம் அலட்சியத்தால் ஓர் உயிரையும் இழக்கலாகாது.