விழுந்ததை மறைக்க வேண்டாம்
(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வலைப்பந்துத் திடலில் விழுந்தால் புழுதியைத் தட்டிக்கொண்டு எழும்பி ஓடியவர்கள் நாங்கள். முழங்கால் காயத்தை அம்மாவிடம் மறைத்தோம். இன்று கிணற்றடியில் வழுக்கி விழுந்ததைக் கனடாவிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகளிடம் மறைக்கிறோம். அறிந்தால் தனியே இருக்க விடமாட்டார்கள் என்ற பயம்.

ஆனால் ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழக்கூடும். ஆகவே கிளினிக்கில் அதைச் சொல்வோம். பிரஷர் குளிசையோ நித்திரைக் குளிசையோ தலைச்சுற்றைத் தந்திருக்கலாம், கண்பார்வை மங்கியிருக்கலாம். வைத்தியர் அறிந்தால்தான் திருத்தலாம்.

வீட்டிலே பாசியை உரஞ்சிக் கழுவுவோம். குளியலறையில் கைபிடி பூட்டுவோம். இரவில் கட்டிலில் சற்று இருந்து, லைற்றைப் போட்டபின் நடப்போம்.

விழுந்துவிட்டால் பதறி எழும்பக்கூடாது. நோவில்லையெனில் பக்கமாகத் திரும்பி, தவழ்ந்து சென்று, உறுதியான கதிரையைப் பிடித்து எழும்பலாம். தலை அடிபட்டாலோ, இடுப்பு நொந்து காலை ஊன்ற முடியாவிட்டாலோ அசையாமல் கிடந்து, 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைப்போம். கட்டணம் இல்லை. உதவிக்கு வருபவர்கள் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவும் வேண்டாம்.

சகோதரிகளே, எங்களில் பலர் தனியே வாழ்கிறோம். தினமும் காலையில் ஒரு தோழிக்கு அழைப்பு எடுப்போம். "சுகமா?" என்பதோடு, "விழுந்தனீரோ?" என்றும் கேட்போம். கேட்டால் மறைக்காமல் சொல்வோம்.