சேவல் இறகில் ஒரு ஈ
(வானொலி உரை)

இன்றைக்கு நீலகிரி மேட்டுப் பகுதி அன்பர்களுக்காகக் கொஞ்சம் வேறு மாதிரியான விஷயம். டிரவுட் மீன் பிடிக்கிற தூண்டிலுக்கு வீட்டிலேயே ஈ கட்டுவது எப்படி என்று பார்ப்போம். இதைச் சொன்னதும் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: "மாட்டைக் கட்டத் தெரியும். ஈயை எப்படி சார் கட்டுறது?" நியாயமான கேள்விதான்.

டிரவுட் நம் ஊர் மீன் அல்ல. 1863-இல் பிரான்சிஸ் டே என்பவர் இதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் டிரவுட் நம் ஓடைகளில் நிலைத்தது. இதற்குக் குளிர்ந்த, தெளிந்த, ஓடுகிற தண்ணீர் வேண்டும். ஓடையில் பிறக்கும் பூச்சிகளும், காற்றில் வந்து தண்ணீரில் விழும் ஈ, எறும்பு, வெட்டுக்கிளியும் இதன் முக்கியமான தீனி. அந்தப் பூச்சி மாதிரியே தெரியும்படி முள்ளில் இறகும் கம்பளியும் வைத்துக் கட்டுவதைத்தான் 'ஈ' என்கிறோம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நம் மலைக் காட்டுச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு வார்த்தது போல மஞ்சள் பொட்டு இருக்கும். ஈ கட்டுவதற்காக அந்த இறகுக்கு ஒரு காலத்தில் சீமையில் பெரிய கிராக்கி இருந்தது. எத்தனையோ பறவைகள் அதனால் செத்தன. என் வட்டாரத்தில் ஒரு பையன், "கண்ணி வைத்தால் நாலு சேவல் கிடைக்கும் சார், கழுத்து நல்ல விலைக்குப் போகுமாமே?" என்று கேட்டான். "தம்பி, 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இறகு விற்ற காசு வக்கீலுக்குக் கூடக் காணாது. உன் வீட்டுக் கூரைமேல் நின்று கூவுகிறதே, அந்தச் சேவல் போதும்" என்றேன். உங்களுக்கும் அதேதான் சொல்கிறேன்.

வீட்டில் சேவல் அறுக்கும்போது கழுத்து இறகு எருக்குழிக்குத்தானே போகிறது? இனிமேல் கழுத்துத் தோலை இறகோடு உரித்து எடுங்கள். ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சுரண்டிவிட்டு, உள்பக்கம் உப்பும் வெங்காரமும் தடவி, பலகையில் விரித்து நிழலில் காய வையுங்கள். காய்ந்ததும் மூடியுள்ள டப்பாவில் இரண்டு அந்துருண்டையோடு போட்டு வையுங்கள். நோய் கண்டு செத்த கோழியின் இறகு மட்டும் வேண்டாம்.

மற்றபடி வேண்டிய சாமான்கள்: 12 அல்லது 14 எண் தூண்டில் முள் (எண் கூடக்கூட முள் சிறியது), மெல்லிய பட்டு நூல் அல்லது தையல் நூல், தேன்மெழுகு, கொஞ்சம் செம்மறிக் கம்பளி, சின்னக் கத்தரிக்கோல், ஊசி, நகப்பூச்சு. முள்ளைப் பிடிக்க மேஜையில் பொருத்தும் சின்ன வைஸ் இருந்தால் வசதி.

இப்போது கட்டும் முறை.

ஒன்று: முள்ளின் வளைவை வைஸில் இறுக்குங்கள். நூலில் மெழுகு தேய்த்து, முள்ளின் கண்ணுக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி, வளைவு ஆரம்பிக்கும் இடம் வரை நெருக்கமாகச் சுற்றுங்கள்.

இரண்டு: ஒரு கழுத்து இறகிலிருந்து ஐந்தாறு இழைகளைப் பிய்த்து, அங்கே வாலாகக் கட்டுங்கள். வால் முள்ளின் தண்டு நீளம் இருந்தால் போதும்.

மூன்று: கம்பளியை விரலால் பிரித்து, கொசுறு கொசுறாக நூலின்மேல் வைத்து ஒரே பக்கமாகத் திரியுங்கள். அந்தத் திரியை முன்னோக்கிச் சுற்றினால் உடம்பு ஆயிற்று. கண்ணுக்குப் பின்னால் இரண்டு மில்லிமீட்டர் இடம் விடுங்கள். இதை மறக்கவே கூடாது. நான் முதன்முதலில் கட்டிய ஈ பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கண் அடைத்துப் போய் நரம்பு நுழையவில்லை. ஒரு மணி நேர வேலை குப்பைக்குப் போயிற்று.

நான்கு: ஒரு கழுத்து இறகை எடுத்து அடிப்பஞ்சைப் பிய்த்துவிடுங்கள். இழையின் நீளம் முள்ளின் வாய் அகலத்தைப் போல ஒன்றரைப் பங்கு இருக்க வேண்டும். விட்ட இடத்தில் இறகின் காம்பைக் கட்டி, பளபளப்பான பக்கம் முன்னால் தெரிய நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள். இழைகள் பூச்சியின் கால் போல விரியும். நுனியை நூலால் கட்டி, மிச்சத்தை வெட்டுங்கள்.

ஐந்து: நூலால் சின்னத் தலை சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு, ஊசி முனையால் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். கண்ணை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

விறைப்பான சேவல் இறகு ஈயை மிதக்க வைக்கும். மென்மையான பெட்டைக்கோழி இறகு தண்ணீருக்குள் அமிழும். மீன் மேலே வந்து பூச்சி பிடித்தால் முதல் வகை, வராவிட்டால் இரண்டாவது. டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். ஆகவே அதற்கு மேலே ஈயைப் போட்டு, தண்ணீரோடு தானாக வரவிடுங்கள்.

முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் அமுக்கிவிடுவது நல்லது. சின்ன மீனைக் காயமில்லாமல் திரும்ப விடலாம். உங்கள் விரலில் ஏறினாலும் சுலபமாக வெளியே வரும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கடைசியாக இரண்டு வார்த்தை. எல்லா ஓடையிலும் மீன் பிடித்துவிட முடியாது. மீன்வளத் துறை, வனத் துறை அலுவலகங்களில் அனுமதி கேட்டுக்கொண்டு இறங்குங்கள். காப்புக்காட்டுக்குள் போகவே வேண்டாம். இதில் பணம் கொட்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். பத்து ஈயும் ஒரே அளவில், ஒரே அழுத்தத்தில் கட்டப் பழகிய பிறகு, தூண்டில் பிடிப்பவர்களிடம் காட்டுங்கள். வாங்க ஆள் உண்டா என்று தெரிந்துகொண்டு அதிகமாகக் கட்டுங்கள். முதலில் முள்ளையும் நூலையும் கொட்டி வாங்கி வைத்துக் கைப்பொருளை முடக்காதீர்கள்.

மழை பிடித்து வயலில் இறங்க முடியாத நாளில் அடுப்படியில் உட்கார்ந்து செய்கிற வேலை இது. எருக்குழிக்குப் போன இறகை எடுத்துப் பாருங்கள். முதல் ஈ கோணலாகத்தான் வரும். பத்தாவது ஈ மீனை ஏமாற்றும்.