ஓர் இரவு அண்டை வீட்டார்

காஷ்மீரத்திற்குச் செல்லும் நம்மவர் பலர் தால் ஏரியின் படகு வீட்டில் இரண்டு நாள் தங்கித் திரும்புகின்றனர். அந்தப் படகு நின்ற இடத்திலேயே நிற்பது. ஹாஞ்சி எனப்படும் படகோட்டிகளின் பழைய குடியிருப்போ டூங்கா. தட்டையான அடியும் பாய்ச் சுவரும் கொண்ட நீண்ட படகு. குழந்தை பிறப்பதும் உலை கொதிப்பதும் அதிலேதான்.

சாலைகள் பெருகுமுன் ஜீலம் நதியே பள்ளத்தாக்கின் பெருவழி. நீரோட்டத்தோடு செல்கையில் கழியால் உந்துவர். எதிர்த்துச் செல்கையில் கரையிறங்கிக் கயிறு கட்டி இழுப்பர். பெண்டிரும் பிள்ளைகளும் அக்கயிற்றுக்குத் தோள் கொடுத்தனர்.

வூலர் ஏரியில் பிற்பகலில் திடீரெனப் பெருங்காற்று எழும். ஆகவே முதல்நாளே கரையோரம் படகைக் கட்டிக் காத்திருந்து, விடியற்காலையில் ஏரியைக் கடப்பர். அந்த ஓர் இரவுக்கு, முன்பின் அறியாத குடும்பங்கள் அண்டை வீட்டாராகிவிடும். நெருப்புக் கேட்கவோ உப்புக் கேட்கவோ தெருவில் இறங்க வேண்டியதில்லை. அடுத்த படகு ஓர் எட்டில் இருக்கிறது. மறுநாள் அவரவர் வழி அவரவருக்கு.

வெளியூர்ப் பயணிகள் படகமர்த்தினால், படகுக்காரர் குடும்பம் பின்னே சமையற்படகில் வரும். வாரக்கணக்கில் இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே அடுப்புத்தான்.

இன்று டூங்காக்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. ஏரி மாசடைவதை முன்னிட்டு 2009-இல் உயர்நீதிமன்றம் விதித்த தடையால், படகு வீடுகளைப் பழுது பார்ப்பதும் அரிதாயிற்று. பலர் கரையேறிவிட்டனர்.

அங்கே செல்லும் நேயர்கள், பின்கட்டில் இருக்கும் அக்குடும்பத்தாரோடும் சிறிது பேசிவிட்டு வாருங்கள். அரைகுறை இந்தி போதும். அதற்கு நம்மிடையே பஞ்சமில்லை.