புத்தகமும் திரையும் – ஒரு வாசகனின் அனுபவங்கள்

(நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் மூத்த அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் காரியதரிசி என்னைக் கூப்பிட்டு, "ஸார், அடுத்த கூட்டத்தில் நீங்கள் அரை மணி நேரம் பேச வேண்டும், விஷயம் உங்கள் இஷ்டம்" என்றார். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்தெட்டு வருஷம் ஃபைல்களோடு காலம் தள்ளியவன். வேதாந்தம் பேச எனக்கு யோக்யதை கிடையாது. அரசியல் பேசினால் வீட்டில் சாதம் போடமாட்டார்கள். சின்ன வயதிலிருந்து விடாமல் செய்து வரும் காரியம் ஒன்றே ஒன்று, கதைப் புத்தகம் படிப்பது. அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

புத்தகம் படிக்கிறவர்கள் எல்லோரும் சினிமா பார்த்துவிட்டு வந்து சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "என்ன இருந்தாலும் கதை மாதிரி இல்லை." நானும் பல வருஷம் இதையே சொல்லி வந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்வதில்லை. ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நம் ஆர்.கே. நாராயணன். அவருடைய 'தி கைட்' நாவல் 1958இல் வந்தது. 1960இல் அதற்கு சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. 1965இல் விஜய் ஆனந்த் அதை ஹிந்தியில் படமாக்கினார். தேவ் ஆனந்த், வஹீதா ரஹ்மான், எஸ்.டி. பர்மன் சங்கீதம். அந்தப் பாட்டுகளை இன்றைக்கும் முணுமுணுக்காதவர் இந்த ஹாலில் இருக்க மாட்டார்கள். நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், 1970 வாக்கில், டில்லியில் ட்ரெயினிங்கின்போது அதைப் பார்த்தேன். ஹிந்தி பாதிதான் புரிந்தது, ஆனாலும் அசந்து போனேன். அதற்குப் பிறகுதான் லைப்ரரியில் நாவலை எடுத்துப் படித்தேன்.

அங்கேதான் சங்கடம். நாவலில் வரும் ராஜு, மால்குடி ரயில்வே ஸ்டேஷனில் கடை வைத்திருக்கும் சாதாரணப் பையன். எனக்கோ பக்கத்துக்குப் பக்கம் தேவ் ஆனந்த் தலையை ஆட்டிக்கொண்டு நடந்து வந்தார். இன்று வரை என்னால் அவரை அந்தப் புத்தகத்திலிருந்து வெளியே அனுப்ப முடியவில்லை. எனக்கென்று ஒரு ராஜு உருவாவதற்கு முன்பே இன்னொருவருடைய ராஜு வந்து உட்கார்ந்துவிட்டார்.

நாராயணனுக்கும் இந்தப் படத்தில் மனக்குறை உண்டு. அதை ஒரு கட்டுரையாகவே எழுதி வைத்திருக்கிறார். படக்காரர்களை மைசூரைச் சுற்றி அழைத்துப்போய், தன் மனதில் இருந்த இடங்களையெல்லாம் காட்டினாராம். அவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போய் ராஜஸ்தானத்தில் படம் எடுத்தார்கள். முடிவும் மாறிப் போயிற்று. நாவலில் ராஜு உபவாசமிருந்து ஆற்றில் நிற்கிறான். மழை வந்ததா, அவன் பிழைத்தானா என்று ஆசிரியர் தீர்த்துச் சொல்லவில்லை. படத்தில் மழை கொட்டுகிறது. ராஜு மகானாகி உயிரை விடுகிறான். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பொய் வேஷம் போட்டவன், ஊரார் நம்பிக்கையின் பாரத்தால் நிஜமாகவே மாற முடியுமா என்பதுதான் அந்த நாவல் கேட்கும் கேள்வி. படமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. நாவல் பதிலை நம்மிடம் விட்டுவிடுகிறது, படம் தானே பதில் சொல்லிவிடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதே நாராயணனின் 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' 1935லேயே வந்த புத்தகம். அதை நான் பள்ளிக்கூட நாளிலேயே படித்தவன். 1980களின் பிற்பகுதியில் தூர்தர்ஷனில் 'மால்குடி டேஸ்' வரப்போகிறது என்றதும் எனக்குக் கொஞ்சம் பயம்தான், ஸ்வாமியையும் பறிகொடுக்கப் போகிறோமே என்று. சங்கர் நாக் அதை ராஜஸ்தானத்துக்குக் கொண்டு போகவில்லை. கர்நாடகத்தில் மழை கொட்டும் ஆகும்பே கிராமத்தில் எடுத்தார். எல்.வைத்தியநாதனின் சங்கீதம், ஆர்.கே. லக்ஷ்மணின் சித்திரங்கள், ஸ்வாமியாக மாஸ்டர் மஞ்சுநாத், அப்பாவாக கிரீஷ் கர்னாட். பத்து நிமிஷத்தில் என் பயம் போய்விட்டது. அப்போது நாங்கள் நாக்பூரில் இருந்தோம். என் பெண் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாள். "அப்பா, ஸ்வாமிநாதனோட பாட்டி ஏன் ஹிந்தி பேசறா?"

நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாராயணன் நம் வீட்டுப் பாட்டியை இங்கிலீஷில் பேச வைத்தவர். அதாவது புத்தகமே முதலில் ஒரு மொழிபெயர்ப்பு. அதை நாம் ஆட்சேபிக்கவில்லையே! இங்கிலீஷ் பேசிய பாட்டியை ஒப்புக்கொண்டவர்கள் ஹிந்தி பேசும் பாட்டியை மட்டும் ஏன் விரட்ட வேண்டும்?

பௌதிகம் படித்தவன் என்பதால் ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒருவித சக்தியை இன்னொருவித சக்தியாக மாற்றலாம். அணையில் விழும் தண்ணீர் மின்சாரமாகிறது, மின்சாரம் வெளிச்சமாகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் உஷ்ணமாகப் போய்விடும். அது இயற்கையின் சட்டம். போனதற்காகப் பல்பின் மேல் கோபித்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை. வெளிச்சம் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

அப்படி வெளிச்சம் வந்த படம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 'பதேர் பாஞ்சாலி'. 1972இல் கல்கத்தாவுக்கு மாற்றல் ஆகி, லேக் மார்க்கெட் பக்கம் ஜாகை. ஆபீஸில் இருந்த பெங்காலி நண்பர் ஒருவர் என்னைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனார். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் நாவல் புத்தகமாக வந்தது 1929இல். சத்யஜித் ராய் படம் எடுத்தது 1955இல். நடுவில் ஒரு விசேஷம். ராய் விளம்பரக் கம்பெனியில் இருந்தபோது, அந்த நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்து கொடுத்தார். அப்போதே அவர் மனதில் சினிமா ஓட ஆரம்பித்துவிட்டது. அதாவது அவர் முதலில் ஒரு வாசகர், பிறகு சித்திரக்காரர், அப்புறம்தான் டைரக்டர். கையில் பணம் தீர்ந்து படம் பாதியில் நின்றபோது மேற்கு வங்காள சர்க்கார் கை கொடுத்தது. பெயரில் பாதை என்று இருந்ததால் சாலை மேம்பாட்டுக் கணக்கில் அந்தப் பணத்தை எழுதினார்கள் என்று கல்கத்தா ஆபீஸ்களில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஃபைல் பார்த்துப் பழகிய எனக்கு அதை நம்புவதில் கஷ்டமே இல்லை!

பின்னால் தமிழ் மொழிபெயர்ப்பில் நாவலைப் படித்தபோது திகைத்தேன். ராய் எவ்வளவோ மாற்றியிருந்தார். கிழவி இந்திர் நாவலில் ஆரம்பத்திலேயே இறந்து விடுகிறாள். படத்தில் அவள் வெகு நேரம் இருக்கிறாள். நாவலில் துர்காவும் அப்புவும் ரயில் பாதையைத் தேடிப் போய், ரயிலைப் பார்க்காமலேயே திரும்புகிறார்கள். படத்தில் வெள்ளை நாணல் பூத்த வெளியில் புகை விட்டுக்கொண்டு ரயில் வருகிறது. உலகமே கொண்டாடும் காட்சி, புத்தகத்தில் அப்படி இல்லாத காட்சி! ஆனாலும் புத்தகத்தை மூடியபோது, தான் படித்ததை ராய் கெடுத்துவிட்டார் என்று தோன்றவில்லை. அந்த ஏழை வீட்டின் மூச்சுக்காற்று இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது.

இதுவரை சொன்னது ஆசிரியர் வேறு, டைரக்டர் வேறு என்கிற விஷயம். ஒரே ஆசிரியர் தன் கதையைத் தானே மாற்றினால் என்ன சொல்வது? இங்கேதான் என் சொந்தக் கதையும் வருகிறது.

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. உங்களில் மூத்தவர்களுக்கு அந்த அமர்க்களம் நினைவிருக்கும். மழையில் நின்ற காலேஜ் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான். கெட்டு வந்து நிற்கும் பெண்ணின் தலையில் தாயார் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சேர்த்துக் கொள்கிறாள். நான் அப்போது கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. மாணவன். அப்பா அதைப் படித்துவிட்டு, "இனிமே இந்தப் பத்திரிகை ஆத்துக்குள்ள வரப்படாது" என்று சொல்லிவிட்டார். அம்மா வாயே திறக்கவில்லை.

கதைக்கு எழுந்த எதிர்ப்பைப் பார்த்த ஜெயகாந்தன், சரி, தாயார் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்து ஒரு நாவலே எழுதினார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972க்கான சாகித்ய அகாடமி பரிசு அதற்குக் கிடைத்தது. ஏ.பீம்சிங் அதைப் படமாக்கினார். ஜெயகாந்தனே திரைக்கதை எழுதினார். கங்காவாக நடித்த லக்ஷ்மிக்குத் தேசிய விருது கிடைத்தது. 1977இல் நான் லீவில் போனபோது அம்மா சென்னையில் என் தங்கை வீட்டில் இருந்தாள். அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சினிமாவுக்கு வரத் தயங்கியவளை நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும் சொன்னாள். "அவ தலையில ஒரு குடம் ஜலத்தை விட்டிருந்தா போறுமேடா."

எனக்குப் புரியவில்லை. அம்மா கதையைக் குழப்பிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். "அது வேற கதைம்மா, இது வேற" என்று மேதாவித்தனமாக விளக்கம் கூடச் சொன்னேன்.

1994இல் அம்மா காலமானாள். பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து அவளுடைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, தினம் பாராயணம் பண்ணும் சுந்தரகாண்டப் புத்தகத்துக்குள் மடித்து வைத்த சில பக்கங்கள் கிடைத்தன. பழுத்து, மடித்த இடத்தில் கிழிந்து போன விகடன் பக்கங்கள். 'அக்கினிப் பிரவேசம்'. அப்பா தூக்கிப் போடச் சொன்ன இதழிலிருந்து அவள் கிழித்து எடுத்து, இருபத்தெட்டு வருஷம் காப்பாற்றி வைத்திருக்கிறாள்.

அம்மாவுக்கு ஒரு தங்கை உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள், ஒரு சமயத்துக்குப் பிறகு வரவே இல்லை. ஏன் என்று யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அதற்கு மேல் சபையில் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் அன்று அந்தப் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா கதையைக் குழப்பிக்கொள்ளவில்லை. இரண்டு முடிவுகளையும் தெரிந்துகொண்டு, தனக்கு வேண்டிய முடிவு எது என்று நிச்சயமாகச் சொன்னாள். குழம்பியவன் நான்தான்.

ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், ஒரே கதையை அப்பா ஒரு விதமாகப் படித்தார், அம்மா ஒரு விதமாகப் படித்தாள். நான் படித்தேன் என்று பெயர் பண்ணினேன். அப்படியிருக்க, எங்கோ இருக்கும் டைரக்டர் நான் படித்த மாதிரியே படிக்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது? சினிமா என்பதும் இன்னொருவருடைய வாசிப்பு, அவ்வளவுதான். அதோடு சண்டை போடலாம், தப்பில்லை. ஆனால் அது என்ன பார்த்தது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம். 2022லும் 2023லும் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகமாக வந்ததே, பூனாவில் இருக்கும் என் பேத்தி அதைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பழைய நானாக இருந்தால், கல்கி எழுதியது எங்கே, இது எங்கே என்று ஆரம்பித்திருப்பேன். அம்மா நினைவு வந்தது. ஒன்று மட்டும் சொன்னேன். "புத்தகத்தில் மணிமேகலை என்று ஒரு பெண் உண்டு, படத்தில் அவள் இல்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதையும் கல்கி அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடவில்லை."

"அப்படின்னா யாரு தாத்தா?" என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபோனில் ஒரு அத்தியாயம் நான் படிக்க, அவள் கேட்கிறாள். ஐந்து பாகம். நாங்கள் இன்னும் இரண்டாம் பாகத்தில்தான் இருக்கிறோம். பகவான் சித்தம் எப்படியோ தெரியாது, முடித்துவிட வேண்டும் என்று ஆசை.

பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான். குழந்தைகள் முதலில் படத்தைத்தான் பார்ப்பார்கள், அதைத் தடுக்க முடியாது. பார்த்துவிட்டு வந்ததும் கதை மாதிரி இல்லை என்று சொல்லி வாயை அடைத்துவிடாதீர்கள். புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். மீதியை அவர்களே கேட்பார்கள். அதோடு, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்களுக்குப் பிடித்த கதை எது, ஏன் பிடித்தது என்று அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். நான் கேட்கத் தவறினேன்.